பெருகும் குஞ்சு, சுருங்கும் மரபு: வண்ணமீன் வளர்ப்பில் உட்கலப்பு

வண்ணமீன் வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக உலவும் குறை ஒன்று உண்டு. முன்பெல்லாம் கப்பியைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டுவிட்டால் போதும், தானாகப் பெருகும். இப்போது பெரிய வாலும் பகட்டான நிறமுமாகக் கடையிலிருந்து வரும் கப்பி ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை என்பார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அண்ணனையும் தங்கையையும் சேர்த்துச் சேர்த்து ரத்தம் கெட்டுப்போய்விட்டது. சென்னை கொளத்தூர் போல, வண்ணமீன் உற்பத்தியையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வாழும் இடங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? நெருங்கிய ரத்த உறவுள்ள ஆணையும் பெண்ணையும் இனச்சேர்க்கைக்கு விடுவதை உயிரியலில் உட்கலப்பு என்கிறார்கள். புதிய நிறத்தையோ வால் வடிவத்தையோ நிலைநிறுத்த விரும்பும் வளர்ப்பாளர் எவரும் அதை முற்றாகத் தவிர்க்க முடியாது. அப்படியானால் அழகுக்கும் ஆரோக்கியத்துக்கும் தீராப் பகையா? கடந்த நூறாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கிடைக்கும் விடை, தொட்டிக்கரைப் பேச்சைவிடச் சிக்கலானது. மீன்களில் உட்கலப்புக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலை உடனே கண்ணில் படுவதில்லை. பசு ஈன்ற ஒரே கன்று இறந்தால் அன்றைக்கே வீடு முழுதும் அறியும். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் ஏஞ்சல் மீனின் குஞ்சுகளில் பாதி அழிந்தாலும் மிச்சமுள்ளவையே தொட்டியை நிறைத்துவிடும். குஞ்சுகளின் பெருக்கம் இழப்பை மறைக்கிறது. சுத்தமான நீரும் வேளைக்குத் தீனியும் மேலும் மறைக்கின்றன. மீன் இடம் மாறும்போது, நீர் மாறும்போது, நோய் வரும்போதுதான் கணக்கு தீர்க்கப்படுகிறது.

கணக்கு எப்படிச் செல்கிறது

ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரு படிகளாக உடலில் இருக்கிறது. தாயும் தந்தையும் உறவினராயின், இருவருக்கும் பொதுவான மூதாதையின் ஒரே படி இரு வழியாகவும் வந்து பிள்ளையிடம் சேரக்கூடும். அதற்கான வாய்ப்பே உட்கலப்புக் கெழு. அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1922இல் இதை வரையறுத்தார்.

தமிழ்ச் சமூகத்தில் வழக்கத்திலிருந்த உறவுத் திருமணங்களைக் கொண்டே இந்த எண்ணின் அளவைப் புரிந்துகொள்ளலாம். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் பிள்ளையின் கெழு 6.25 விழுக்காடு. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் 12.5 விழுக்காடு. மீன் தொட்டியில் உடன்பிறந்த இரண்டு சேர்ந்தால் முதல் தலைமுறையிலேயே 25 விழுக்காடு. அதன் குஞ்சுகளையே மீண்டும் இணைத்தால் 37.5, மூன்றாம் தலைமுறையில் 50, பத்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 89. கப்பி மூன்று நான்கு மாதங்களில் குட்டிபோடும் பருவத்துக்கு வந்துவிடும். எனவே மனிதக் குடும்பத்தில் பல நூற்றாண்டுகளில்கூட நிகழாத நெருக்கம் ஒரு மீன் தொட்டியில் நான்கைந்து ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகிறது.

உடன்பிறந்தவற்றை வேண்டுமென்றே இணைக்காத பண்ணையிலும் இது நடக்கும். காரணம், பெற்றோராகும் மீன்களின் எண்ணிக்கை. ஆணும் பெண்ணும் சமமாக இல்லாத கூட்டத்தில், மரபியல் நோக்கில் எத்தனை மீன்கள் உண்மையில் பங்களிக்கின்றன என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மிக அழகான ஓர் ஆணையும் 20 பெண்களையும் வைத்தால் தொட்டியில் 21 மீன்கள். ஆனால் விடை நாலுகூட இல்லை, 3.8தான். அந்தக் கூட்டம் தலைமுறைக்கு 13 விழுக்காடு மரபு வேறுபாட்டை இழக்கும். 5 ஆண், 5 பெண் என்று வைத்தால் மொத்தம் 10 மீன்களே, விடையும் 10, இழப்பு 5 விழுக்காடுதான். பெண் அதிகம் இருந்தால் குஞ்சு அதிகம் என்பது உண்மை. மரபின் அகலம் அதனால் கூடுவதில்லை.

ஒளிந்திருக்கும் பழுதுகள்

மரபு வேறுபாடு குறைந்தால் என்ன கெட்டுவிடும்? ஆரோக்கியமாகத் தோன்றும் உயிரும் சில பழுதான மரபணுக்களைச் சுமக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மையுடையவை. ஒரு படி பழுதானாலும் இன்னொரு படி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதாக அமைந்தால்தான் கேடு. உட்கலப்பு புதிதாகப் பழுதை உண்டாக்குவதில்லை. ஒளிந்திருப்பவற்றை இரட்டையாக்கி வெளியே கொண்டுவருகிறது.

2002இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இயற்கை நீர்நிலைகளிலிருந்து பிடித்த மீன்களில் இதை அளந்தது. வட அமெரிக்காவின் நீலத்துடுப்புக் கில்லிமீன் ஒவ்வொன்றும் சராசரியாக 1.9 கொல்லி மரபணுக்களைச் சுமந்திருந்தது. ஜீப்ரா மீன் 1.4. அதாவது, குஞ்சிலேயே கொல்லக்கூடிய பழுது மீனுக்கு ஒன்றோ இரண்டோ. சிறிய எண்தான். ஆனால் ஒரு ஜோடியில் தொடங்கும் வளர்ப்பில் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஜோடியில் ஒன்று சுமக்கும் ஒவ்வொரு கொல்லி மரபணுவும் அதன் பிள்ளைகளில் பாதிக்குப் போகும். உடன்பிறந்த இரண்டை இணைக்கும்போது நாலு ஜோடிக்கு ஒரு ஜோடியில் ஆண், பெண் இரண்டிடமும் அதே பழுது இருக்கும். அந்த ஜோடியின் குஞ்சுகளில் கால்பங்கு இறக்கும். முட்டைக்குள்ளேயே இறந்தவற்றைப் பூஞ்சைபிடித்த முட்டை என்று எடுத்துப் போடுவோம். பொரித்த அன்றே இறந்தவற்றை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

கொல்லாத பழுதுகள் இன்னும் தந்திரமானவை. ஜீப்ரா மீனில் ஒரே ஒரு தலைமுறை உடன்பிறப்பு இணைப்பின் விளைவை 1979இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது: பொரிக்கும் முட்டை குறைந்தது, பிழைத்த குஞ்சு குறைந்தது, வளர்ச்சி குன்றியது, உடல் கோணிய குஞ்சு கூடியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய சரிவுதான். தலைமுறைதோறும் சேரும்போதுதான் வளர்ப்பாளருக்கு "இந்த லைன் ஓய்ந்துவிட்டது" என்று தோன்றுகிறது.

இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகியவற்றின் ஓடைகளிலும் வயல்வெளி நீரிலும் வாழும் ஜீப்ரா மீன் இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் உயிர்களில் ஒன்று. எலியில் செய்ததுபோல இதிலும் முழுமையான உட்கலப்பு வழிகளை (லைன்களை) உருவாக்க முயன்றவர்களுக்கு அது எளிதாக வாய்க்கவில்லை. சில தலைமுறைகளில் முட்டை நின்றுபோகும்; அல்லது குஞ்சுகளில் ஆண்களே மிகுந்துவிடும். ஜப்பானின் மிஷிமாவிலுள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில், இந்திய மூலத்திலிருந்து வந்த ஒரு வழியைப் பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் உடன்பிறப்புகளாகவே இணைத்து நிலைநிறுத்தியதாக 2011இல் அறிவித்தார்கள். 'இந்தியா-மிஷிமா' என்ற அந்த வழி கிடைப்பதற்குள் கைவிடப்பட்ட ஜோடிகள் ஏராளம்.

கப்பி சொல்லும் பாடம்

வண்ணமீன்களில் மரபியல் ஆய்வு மிகுதியாக நடந்தது கப்பியில்தான். விலாங்கு மீன்களின் முட்டையிடும் கடலைத் தேடிப் புகழ்பெற்ற டென்மார்க் அறிஞர் யோஹன்னஸ் ஷ்மிட், ஆண் கப்பியின் புள்ளிக்கோலம் ஒன்று தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வதை 1920இல் காட்டினார். அந்த மரபணு ஒய் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஒய்விந் விங்கே இந்தப் பணியைத் தொடர்ந்தார்.

1938இல் விங்கேயும் உடன் ஆய்வாளர் டிட்லெவ்சனும் வெளியிட்ட ஒரு முடிவு உட்கலப்பின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அரிதாகத் தோன்றும் சில பெண் கப்பிகளும் ஒய் நிறப்புரியைச் சுமக்கின்றன. அவற்றை ஆண்களோடு இணைத்தால் இரண்டு ஒய் கொண்ட குஞ்சுகள் உருவாக வேண்டும். இரண்டும் ஒரே வழியிலிருந்து வந்த ஒய்களாக இருந்தபோது அந்தக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வெவ்வேறு வழிகளைச் சேர்ந்த ஒய்களாக இருந்தபோது பிழைத்தன. அந்த வழியின் ஒய்யில் ஒரு கொல்லிப் பழுது ஒளிந்திருந்தது. வேறு வழியின் ஒய்யில் அதே பழுது இல்லாததால், ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்தது. வெளிக்கலப்பால் வீரியம் கூடுவதேன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

பிற்கால ஆய்வுகள் வளர்ப்பாளருக்கு இன்னும் நெருக்கமானவை. உட்கலப்புக் கூடும்போது ஆண் கப்பியின் நிறப்புள்ளிகள் மங்குகின்றன என்று 1997இலும் 2003இலும் வெளியான கட்டுரைகள் காட்டின. நிறத்துக்காகச் செய்த உட்கலப்பு கடைசியில் நிறத்தையே தின்னும் என்பது வளர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய முரண். பெண்ணைக் கவரும் ஆட்டமும் குறைகிறது. வேறு ஆணின் விந்தோடு போட்டியிடும் நிலையில் உட்கலப்பு மிகுந்த ஆணின் விந்து பின்தங்குகிறது என்று 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது 2001இல் ஜப்பானிலிருந்து வந்த முடிவு. உட்கலப்புப் படிப்படியாகக் கூட்டப்பட்ட கப்பிகளை உப்பு மிகுந்த நீரில் விட்டுத் தாங்குதிறனை அளந்தார்கள். உட்கலப்புக் கூடக் கூட அந்தத் தாங்குதிறன் சரிந்தது. வசதியான தொட்டியில் தெரியாத வேறுபாடு நெருக்கடியில் தெரிந்தது. ஆக்சிஜன் பையில் அடைபட்டு, ஊர் மாறி, கடைத் தொட்டியின் நீரிலிருந்து வீட்டு நீருக்கு வரும் கப்பியும் இத்தகைய சோதனையைத்தான் எதிர்கொள்கிறது. "பண்ணையில் நன்றாகத்தான் இருந்தது" என்று விற்றவர் சொல்வதும், "வீட்டுக்கு வந்ததும் செத்துவிட்டது" என்று வாங்கியவர் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

நூறு தலைமுறை தாங்கிய பிளாட்டி

இவ்வளவும் படித்துவிட்டு உட்கலப்பு என்றாலே அழிவு என்று முடிவுகட்டக் கூடாது. எதிர்ச் சான்றுகளும் வலுவானவை.

மெக்சிகோவின் ஹமாப்பா ஆற்றிலிருந்து 1939இல் கொண்டுவரப்பட்ட பிளாட்டி மீன்களை மரபியலாளர் மைரான் கார்டன் தொடங்கிய மீன் இருப்பகத்தில் உடன்பிறப்புகளாகவே இணைத்து வந்தார்கள். இப்போது டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்த இருப்பகத்தின் ஒரு வழி நூறு தலைமுறைகளைக் கடந்துவிட்டது. 2013இல் பிளாட்டியின் மரபணுத்தொகை வெளியானபோது அதற்கு உடல் தந்தது அந்த வழியின் மீன்தான். ஜப்பானின் மெடாக்கா மீனிலும் இத்தகைய வழிகள் பல உண்டு. புளோரிடா முதல் பிரேசில் வரையிலான கடற்கரைகளின் சதுப்பு நிலக் காடுகளில் வாழும் ரிவுலஸ் என்னும் சிறு மீன் ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தது. தன் முட்டையைத் தானே கருவுறச் செய்கிறது. கேமரூன் நாட்டு ஓடைகளில் வாழும் ஒரு கிரிபென்சிஸ் வகை சிக்லிட், அந்நியத் துணையைவிட உடன்பிறந்த துணையையே விரும்புவதாகவும், அப்படிச் சேர்ந்த ஜோடிகள் குஞ்சுகளை மேலும் இணக்கமாகக் காப்பதாகவும் 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவை எப்படித் தப்பின? ஒடுங்கு பழுது இரட்டையாகும்போது அதைச் சுமந்த குஞ்சு இறக்கிறது. அதோடு பழுதும் வழியிலிருந்து நீங்குகிறது. தலைமுறைதோறும் இப்படிக் களையப்பட்டால், தாக்குப்பிடித்த வழி ஓரளவு தூய்மையடைகிறது. ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்துள்ளன. ஒன்று, பல வழிகளைத் தொடங்கி, நலிந்தவற்றைக் கைவிடும் வசதி வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிவது பிழைத்த ஒன்று. அழிந்தவை வரலாற்றில் இல்லை. இரண்டு, இயற்கையோ ஆய்வாளரோ களையெடுப்பது வலிமையை வைத்து. வளர்ப்பாளர் களையெடுப்பது பெரும்பாலும் நிறத்தை வைத்து. நலிந்த குஞ்சின் நிறம் அருமையாக இருந்தால் அதுவே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. பழுது நீங்குவதற்குப் பதில் நிலைபெறுகிறது.

புது ரத்தம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையன்று. பிளாட்டியையும் வாள்வால் மீனையும் கலந்தபோது பிறந்த சில குஞ்சுகளில் கரும்புற்று தோன்றுவதை 1920களின் இறுதியில் கார்டனும் ஜெர்மனியின் கோஸ்விக்கும் தனித்தனியே கண்டறிந்தார்கள். பிளாட்டியிடம் கரும்புள்ளியை உண்டாக்கும் மரபணுவோடு சேர்ந்து ஒரு புற்று மரபணுவும் உண்டு. அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் பிளாட்டியிடம் உண்டு. கலப்பில் முதலாவது மட்டும் வந்து இரண்டாவது விடுபட்டுப்போனால் புள்ளி புற்றாகிறது. இந்தக் கண்டுபிடிப்பு புற்றுநோய் மரபியலில் ஒரு மைல்கல். வண்ணமீன் வளர்ப்பவருக்கு அது சொல்வது எளிது: வேற்றினத்தைக் கலப்பது வேறு, அதே இனத்தின் உறவற்ற வழியைக் கலப்பது வேறு.

குறையே அழகாகும்போது

உட்கலப்பால் தற்செயலாக வரும் கேட்டையும், குறையையே விரும்பித் தேர்ந்தெடுப்பதால் வரும் கேட்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. முதலாவது மரபு குறுகுவதன் பக்கவிளைவு. இரண்டாவது நம் ரசனையின் நேர்விளைவு.

தங்கமீன் இதற்குச் சிறந்த சான்று. சீனாவில் ஆயிரமாண்டுகளாக வளர்க்கப்படும் இம்மீனின் இரட்டைவால், கார்டின் என்னும் மரபணுவின் பழுதால் வந்தது என்று 2014இல் ஜப்பானிய, தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கருவில் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்ற பிரிவை வகுக்கும் மரபணு அது. ஜீப்ரா மீனில் அது பழுதானால் குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. தங்கமீனின் முன்னோரில் மரபணுத்தொகை முழுவதும் இரட்டிப்பானதால் அதனிடம் இரண்டு கார்டின்கள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றது உயிரைக் காக்கிறது. வால் மட்டும் இரண்டாகிறது. தங்கமீனில் இத்தனை விசித்திர வடிவங்கள் சாத்தியமானதற்கு இந்த இரட்டைச் சொத்து ஒரு முக்கியக் காரணம். மற்ற மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பலூன் மோலியின் உருண்டை வயிறு, முதுகெலும்பு குறுகியதன் விளைவு. உள்ளுறுப்புகள் அந்தச் சிறிய இடத்தில் நெருக்குண்டு கிடக்கின்றன. டிராகன் செதில் ஃபைட்டரில் தடித்த செதில் வளர்ந்து கண்ணையே மூடிவிடுவதுண்டு. குமிழ்க்கண் தங்கமீனின் கன்னப்பை கூரான கல்லில் பட்டால் கிழிந்துவிடும். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், வலியோ துன்பமோ தரும் உடலமைப்பை முதுகெலும்பிகளில் உண்டாக்கும் இனப்பெருக்கத்தைத் தடைசெய்கிறது. இங்கே சட்டத்தைவிட வாங்குபவரின் விருப்பமே தீர்மானிக்கிறது. விற்காத வடிவத்தை எந்தப் பண்ணையும் வளர்க்காது.

எல்லாப் பழியும் ரத்தத்துக்கா?

மீன் செத்தால் உட்கலப்பு, முதுகு வளைந்தால் உட்கலப்பு என்று சொல்லிவிடுவது எளிது. பல வேளைகளில் அது தவறான பழி.

குள்ள கௌராமி நம் நாட்டின் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளுக்கு உரிய மீன். கடைகளில் கிடைக்கும் நீல, சிவப்பு வகைகள் அடிக்கடி இறப்பதைப் பார்த்து, அளவுக்கு மீறிய உட்கலப்பே காரணம் என்று பலர் நம்பினார்கள். ஆனால் இறந்த மீன்களின் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் இரிடோ வைரஸ் இருந்தது. 2003இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ரே காட் மீன் பண்ணை ஒன்றில் பெருஞ்சாவை உண்டாக்கிய வைரஸும், வண்ணமீன் வணிகத்தில் வரும் குள்ள கௌராமியின் வைரஸும் ஏறத்தாழ ஒன்றே என்று 2006இல் சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள். உட்கலப்பு என்று சொல்லிக் கைகழுவியிருந்தால் ஒரு தொற்றுநோயின் பாதையே தெரியாமல் போயிருக்கும்.

வளைந்த முதுகும் அப்படித்தான். வைட்டமின் சி குறைந்த பழைய தீனி, மைக்கோபாக்டீரியத் தொற்று, நுண்ணொட்டுண்ணிகள், முதுமை ஆகிய நான்கும் முதுகை வளைக்கும். மரபால் வருவதும் உண்டு. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில், பிறந்தபின் படிப்படியாக முதுகு வளையும் கப்பி வழி ஒன்றை, மனிதரில் காரணம் தெரியாமல் வரும் முதுகெலும்பு வளைவை ஆராய்வதற்கான மாதிரியாகவே பயன்படுத்தினார்கள். எது எந்தக் காரணத்தால் என்று பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே நீர், ஒரே தீனியில் இரண்டு வழிகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் தலைமுறைதோறும் கோணல் வந்து, உறவற்ற வழியோடு கலந்த முதல் தலைமுறையில் அது மறைந்தால், மரபைச் சந்தேகிக்கலாம். கலந்த பிறகும் தொடர்ந்தால் நீரையும் தீனியையும் நோயையும் பார்க்க வேண்டும்.

நோயும் மரபும் கைகோத்து வருவதும் உண்டு. டிரினிடாட் தீவின் கப்பிகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், உட்கலப்பு மிகுந்த மீன்கள் தோல் ஒட்டுண்ணியைத் தாங்குவதில் பின்தங்கின. ஒட்டுண்ணியையே காணாமல் சுத்தமான தொட்டியில் வளர்ந்த மீன்களும் இயற்கைச் சூழலில் விட்டபோது தடுமாறின. குறுகிய மரபு ஒரு பாதி என்றால் பழகாத உடல் மறுபாதி.

பண்ணையிலும் வீட்டிலும் செய்யக்கூடியவை

இத்தனைக்கும் பரிகாரம் விலையுயர்ந்ததன்று. முதலாவது, தொடக்கம். ஒரே கடையில் ஒரே தொட்டியிலிருந்து எடுக்கும் ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வகையை இரண்டு மூன்று இடங்களிலிருந்து வாங்கித் தொடங்குவது நல்லது. பெற்றோராக ஐந்து ஆண், ஐந்து பெண்ணுக்குக் குறையாமல் வைக்க வேண்டும்.

இரண்டாவது, சுழற்சி. ஒரே வகையை மூன்று நான்கு தொட்டிகளில் தனித்தனி வழிகளாக வைத்து, தலைமுறைக்கு ஒருமுறை முதல் தொட்டியின் ஆண்களை இரண்டாவதற்கும், இரண்டாவதன் ஆண்களை மூன்றாவதற்கும், கடைசித் தொட்டியின் ஆண்களை முதலாவதற்கும் மாற்றலாம். வகை கெடாது, நெருக்கம் மெல்லத்தான் கூடும். குட்டி போடும் மீன்களில் ஓர் எச்சரிக்கை: பெண் கப்பி விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்துவைக்கும். ஆண்களோடு ஏற்கெனவே இருந்த பெண்ணை மாற்றினால் பழைய தந்தையின் குட்டிகளே வரும். பருவமடையும் முன்பே பெண்களைப் பிரித்து வைத்தால்தான் பதிவேட்டுக்கு அர்த்தம்.

மூன்றாவது, கப்பிக்கு மட்டும் உரிய ஒரு வசதி. ஷ்மிட் காட்டியபடி ஆணின் கோலம் ஒய் வழியே வருமானால், அதைக் காக்கத் தங்கையையே இணைக்க வேண்டியதில்லை. உறவற்ற வழியின் பெண்ணை இணைத்தாலும் மகன்கள் தந்தையின் அடிப்படைக் கோலத்தோடு பிறப்பார்கள். வால் அளவும் பின்னணி நிறமும் மற்ற நிறப்புரிகளைப் பொறுத்தவை என்பதால் அவை முதலில் கொஞ்சம் கலங்கும்; ஓரிரு தலைமுறைத் தேர்வில் திரும்பிவிடும்.

நான்காவது, தேர்வின் அளவுகோல். குட்டிகளின் எண்ணிக்கை, பிழைத்தவை, கோணியவை, ஆண்-பெண் விகிதம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால் சரிவு முதல் இரண்டு தலைமுறையிலேயே தெரிந்துவிடும். நிறத்தில் முதலிடம் பெற்றும் நலிந்து நிற்கும் ஆணை விட்டுவிட்டு, நிறத்தில் இரண்டாமிடம் பெற்ற திடமான ஆணைத் தேர்ந்தெடுப்பதே லாபம். வெளியிலிருந்து வரும் எந்த மீனையும் குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். புது ரத்தத்தோடு புது வைரஸும் வரக்கூடும்.

சிறிய எண்ணிக்கையிலிருந்தும் மீளலாம் என்பதற்கு மெக்சிகோவின் தெக்கிலா மீன் சான்று. ஹலிஸ்கோ மாநிலத்தின் தெயுச்சித்லான் ஆற்றில் மட்டுமே வாழ்ந்த இச்சிறு மீன் அங்கே 2003இல் அற்றுப்போனது. ஆனால் ஆர்வலர்களின் தொட்டிகளில் அது உயிரோடு இருந்தது. இங்கிலாந்திலிருந்து 1998இல் மிச்சோகான் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஐந்து ஜோடிகளே பிற்காலக் கூட்டத்துக்கு அடித்தளம். அவற்றின் வழிவந்த 40 ஜோடிகளை முதலில் செயற்கைக் குளங்களில் விட்டு, பறவை, ஆமை, பாம்பு, ஒட்டுண்ணி எல்லாவற்றுக்கும் பழக்கினார்கள். அதன் பிறகே ஆற்றில் விட்டார்கள். இன்று அது மீண்டும் அந்த ஆற்றில் இனப்பெருக்கம் செய்கிறது. ஓர் இனம் முழுவதையும் மீட்க ஐந்து ஜோடி என்பது மரபியல் நோக்கில் மிகக் குறைவு. அதைக் காப்பாற்றியது விரைவாகப் பெருக்கியதும், கண்காணித்ததும், நெருக்கடிக்குப் பழக்கியதும்.

ஆக, தொட்டிக்கரைப் பேச்சு பாதி சரி. ரத்த நெருக்கம் மீனை நலிவாக்கும். ஆனால் நெருக்கம் மட்டுமே குற்றவாளியல்ல. யாரோடு யார் என்று தெரியாமல், எத்தனை இறந்தன என்று எண்ணாமல், நிறத்தை மட்டும் பார்த்துச் செய்யும் உட்கலப்பே குற்றவாளி. பதிவேடு வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் வாங்குங்கள். "இதன் தாய் தகப்பன் எங்கிருந்து வந்தவை?" என்று கேளுங்கள். வாங்குபவர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் பண்ணைகளில் பதிவேடு தானாக வந்துவிடும்.